வள்ளத்துப் பெயின்டில் ஒரு மலை

இது நடந்து மூன்று வருடமாகிறது, ஆலங்குடாவில் எங்கள் வீட்டில். என் மூத்த சகோதரர், நானா, திடீரென்று நெஞ்சுவலி வந்து மவுத்தாகிவிட்டார். அவர் மனைவி, என் மதினி, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருந்தா. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிட முடியாது. அவ பண்டாரவளைப் பக்கத்து மலைநாட்டுப் பிள்ளை. அறை ஜன்னலைத் திறந்தால் கடலும், கரையில் ஏற்றி வைத்த நானாவின் வள்ளமும்தான் தெரியும். அதனால் ஜன்னலைத் திறக்கவே விடமாட்டா. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவா. ஆள் அரைவாசியாகிவிட்டா. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

ஒருநாள் மெதுவாகச் சொன்னா, "எங்கட ஊட்டுக் கதவத் தொறந்தா மலதான் புள்ள."

அவ்வளவுதான், எனக்கு அசட்டுத் தைரியம் வந்துவிட்டது. வள்ளத்துக்குப் பூச நானா வாங்கி வைத்த பெயின்ட் டின்கள் அப்படியே கிடந்தன. நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை. அவற்றையும் நாலு விரல் அகல பிரஷையும் தூக்கிக்கொண்டு வந்து, அவ அறைச் சுவரில் மலை கீறத் தொடங்கினேன். நான் மலையைக் கண்ணால் கண்டவளா? புத்தளத்து உப்பளத்தில் குவித்திருக்கும் உப்பைத்தான் கண்டிருக்கிறேன். கோடு பிசகாமல், வெள்ளையாக, கூராக ஒன்றே ஒன்று கீறிவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன்.

மதினியின் வாய் துடித்தது. அழப்போகிறா என்று நினைத்தேன். சிரித்துவிட்டா!

"அல்லாஹ்வே! இது மலயா புள்ள? உப்புக் குவியல் தானே!"

எழும்பி வந்து பிரஷைப் பறித்தா. "மல தனிய நிக்காது. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நிக்கும்."

கோடு என்று ஒன்றுமே கீறவில்லை. நீலத்தை அள்ளி இழுத்தா. அது காய்வதற்கு முந்தியே மஞ்சளை அடித்தா, இரண்டும் கலந்து தேயிலைப் பச்சையானது. வெயில் படும் இடமென்று சிவப்பை அப்பினா. பெயின்ட் வழிந்தது, தெறித்தது, கவலையே இல்லை. கிட்ட நின்றால் வெறும் பூச்சு. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், அத்தனையும் மலை! நடுவில் பிரஷை வைத்துவிட்டு நானாவை நினைத்து விம்மி அழுதா. நானும் அழுதேன். பிறகு பெயின்ட் மணம் தாங்காமல் அவவே எழும்பி ஜன்னலைத் திறந்தா. அன்று பகல் கோப்பைச் சோறு முழுவதும் சாப்பிட்டா.

இத்தா முடிந்து தாய்வீட்டுக்குப் போய்விட்டா. போன கிழமை போனில், "இங்க மலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒங்கட நானாட வள்ளத்து நீலம்தான் இல்ல" என்றா.

என் உப்புக் குவியலை அவ அழிக்கவில்லை, மலைகளுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் தயங்கும் போதெல்லாம் அது என் நினைவுக்கு வரும், பிழையாகச் செய்தாலும் பரவாயில்லை என்று கிட்டப் போய்விடுவேன்.