பாப்பா கையைக் கட்டிக்கொண்ட வருஷம்

மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்ததால் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. சான்றிதழ்களில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவாள். கல்லூரி முடித்த பிறகும் அம்மாதான் தலை பின்னிவிட்டாள். பெரிய அண்ணன் ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டான். நடு அண்ணன் ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன அண்ணன் பங்குக்கு என்ன மிச்சம்? அவள் போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தான். "எங்க பாப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள், ஏதோ மெடல் வாங்கி வந்த பெண்ணைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பிடும்போது, வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு வருஷம் தொண்டராக இருந்து வகுப்பில் உதவி செய்யப் போகிறேன், இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னாள். யார் முகத்திலும் ஈயாடவில்லை. அந்த நாட்டு பாஷையை அவள் மாலை வகுப்பில் படித்தது வீட்டுக்குத் தெரியும். பொழுதுபோக்குக்குப் படிக்கிறாள் என்று நினைத்திருந்தார்கள்.

"நீ பிள்ளைங்களைப் பாத்துக்கப் போறியா?" என்றார் அப்பா. "அது சரி, உன்னை யாரு பாத்துக்குவா?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே விமானம் ஏறினாள்.

போன இடத்தில் அவளுக்கு ஒரு மாடி அறை கொடுத்தார்கள். கட்டில், மேஜை, மூடினால் திறக்காத ஜன்னல். முதல் வாரமே எல்லாத் துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைத்து, வெள்ளை எல்லாம் ரோஸ் ஆனது. தலை பின்ன வராமல் குதிரைவால் போட்டுக்கொண்டாள். அம்மா போனில், "யாருடி உனக்குத் தலை பின்னி விடறா?" என்று கேட்டபோது, "எல்லாம் நானேதான்" என்று பூசி மெழுகினாள். சாயங்காலம் அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருத்தர் அவளைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இங்கே அவள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தேவைப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில். அவளுக்குக் கொடுத்தது கீழ்த்தளத்தில் இருந்த சின்ன வகுப்பு. வாசல் நடையில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம்: மீன், குடை, பந்து. கொக்கிக்குக் கீழே நீளப் பெஞ்சு, பெஞ்சுக்கு அடியில் காலணிகள். வகுப்பு டீச்சர் கழுத்தில் சாவிக்கொத்து தொங்க நடக்கிற ஒல்லியான பெண். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இங்க உங்க வேலை, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறது. பிள்ளைங்க கேட்டா வழி சொல்லுங்க, செஞ்சு குடுத்துடாதீங்க. நேரம் ஆனா ஆகட்டும்."

உதவிக்கு வந்தவளை உதவி செய்யாதே என்கிறாளே, சரியான கல்நெஞ்சக்காரி என்று பாப்பா மனசுக்குள் திட்டினாள்.

அந்த வகுப்பில் ஒரு பெண் குழந்தை. உருவம் சின்னது, காரம் அதிகம். பாப்பா அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்தாள். அர்த்தம் சொன்னதும் குழந்தைக்கும் பிடித்துப்போயிற்று. மிளகுக்குப் பிறவியிலேயே இடது கை விரல்கள் சரியாக மடங்காது. பழகப் பழகத்தான் பலம் வரும், சும்மா விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருஷக் கடைசியில் வகுப்பு முழுக்க மாடிக்குப் போகும். மாடியில் உதவியாள் கிடையாது. கோட்டு, காலணி, சாப்பாட்டு டப்பா எல்லாம் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாதவர்கள் இன்னும் ஒரு வருஷம் கீழேயே இருக்க வேண்டியதுதான். மிளகுக்குச் சுருட்டை முடிக்காரி ஒருத்தி உயிர்த்தோழி. மாடியில் ஜன்னலோரப் பெஞ்சில் நாம் இரண்டு பேரும்தான் என்று அவர்கள் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மாடியை இருவரும் இன்னும் பார்த்ததுகூட இல்லை.

காலணியும் டப்பாவும் மிளகுக்கு வந்துவிட்டன. கோட்டு ஜிப்தான் வரவில்லை. கீழ் முனையை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கத்து முள்ளை அந்தப் பக்கத்துப் பொருத்தில் நுழைக்க வேண்டும். அது நுழைவதற்குள் மற்ற பிள்ளைகள் மைதானத்தில் பாதி விளையாட்டை முடித்திருப்பார்கள். ஒரு மழை நாளில் நடையில் யாரும் இல்லை. மிளகு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து சர்ரென்று இழுத்துவிட்டாள். குழந்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. வீட்டை விட்டு வந்ததிலிருந்து அவளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அதன்பிறகு அது தினப்படி ஆயிற்று. டீச்சர் மற்றவர்களை வரிசையாக வெளியே கூட்டிப்போவார். பாப்பாவும் மிளகும் கடைசியில் தங்குவார்கள். கோட்டுகளுக்கு நடுவில் நின்று மிளகு நெஞ்சை நிமிர்த்துவாள், பாப்பா குனிவாள், சர்ர். இரண்டு பேரும் திருட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். "மிளகு இப்ப பரவாயில்லையே, சீக்கிரம் வர்றாளே" என்று டீச்சர் ஒருநாள் சொன்னார். பாப்பா ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலையாட்டினாள். ஒன்றும் தெரியாதவளாக இருப்பதில் அவளுக்குத்தான் பல வருஷப் பழக்கம் இருக்கிறதே.

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, மாடிக்கு யார் யார் போகலாம் என்று பார்க்கத் தலைமை ஆசிரியை நடைக்கு வந்தார். பெற்றோரும் வந்து சுவரோரமாக நின்றார்கள். சுருட்டை கோட்டை மாட்டினாள், இழுத்தாள், போனாள். அடுத்தது மிளகு. கோட்டுக்குள் கையை விட்டாள். பிறகு முயற்சிகூடச் செய்யவில்லை. நேராகப் பாப்பாவிடம் நடந்து வந்து, எல்லார் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். ஒளிக்க வேண்டும் என்று குழந்தைக்குத் தோன்றவே இல்லை. கோட்டு என்றால் அப்படித்தான் போடுவது என்று நின்றது.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. பாப்பா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நான்தான் போட்டு விட்டேன்" என்றாள். "தினமும்."

மிளகின் அம்மா சலவைக்கடையில் வேலை பார்ப்பவள். வேலை உடுப்போடு வந்திருந்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பாப்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வீட்டுல அவ போடற வரைக்கும் நான் காத்திருப்பேங்க. வேலைக்கு லேட்டாப் போயி திட்டு வாங்குவேன். அப்புறம் இவ, ஸ்கூல்ல சீக்கிரமே போட்டாயிடுது, வீட்டுலதான் நேரமாகுதுன்னு சொன்னா. சரி, அங்கதான் போடறாளேன்னு வீட்டுல நானே போட்டு விட ஆரம்பிச்சேன்."

ஆக, அந்தக் குழந்தை ஜிப்பைத் தொட்டே மாதக்கணக்காகிறது. மிளகு கீழேயே இருக்கட்டும் என்றார் தலைமை ஆசிரியை. கடைசி நாள் மறுபடி ஒரு தடவை பாருங்கள் என்று வகுப்பு டீச்சர் கேட்டுக்கொண்டதால் ஒத்துக்கொண்டார். எல்லாரும் போன பிறகு டீச்சர் பாப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"யாருக்காகப் போட்டு விட்டீங்க?"

குழந்தைக்காக என்று வாய் வரை வந்தது. அது பொய். அந்தச் சிரிப்பு தனக்கு வேண்டியிருந்தது என்று அவளுக்கே தெரியும். அன்று அறைக்குப் போய் அழுது தீர்த்தாள். அம்மா கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பாப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மிளகு நெஞ்சை நிமிர்த்தினாள். பாப்பாவின் கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள். அதற்கும் வரவில்லை. கோட்டைக் கழற்றிப் பாப்பாவின் மேல் வீசினாள். "நீ கெட்டவ" என்றாள். "உன்னோட பேச மாட்டேன்." சொன்னபடியே பேசவில்லை. வகுப்பில் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போனாள். விளையாட்டு நேரம் முழுக்க அந்த நடையிலேயே கழியும். குழந்தை அழும், உதைக்கும், மறுபடி முள்ளைப் பிடிக்கும், அது நழுவும். பின்னால் கட்டிய கையைப் பாப்பா எவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்றால், மணிக்கட்டில் நகம் பதிந்து தழும்பானது. ஓடிப்போய் இழுத்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது. சும்மா நிற்பதைவிடக் கஷ்டமான வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

ஒருநாள் மிளகு கோபத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் கோட்டின் ஒரு முனையைத் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கினாள். அது நகராமல் நின்றது. இடது கையை அதன்மேல் சும்மா வைத்துக்கொண்டு, வலது கையால் மறுமுனையைக் கொண்டுவந்து நுழைத்தாள். நுழைந்தது. இரண்டு கையும் சரியாக இருக்கிற யாருக்கும் அந்த வழி தோன்றியிருக்காது. தோன்றாததால் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவும் முடியாது. மிளகு எழுந்து ஜிப்பை மேலே இழுத்தாள். பாப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுருட்டையிடம் காட்ட ஓடினாள். பாப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வலியும் தாங்கவில்லை.

கடைசி நாள் தலைமை ஆசிரியை வந்தார். மிளகு பொத்தென்று தரையில் உட்கார்ந்ததும், "ஏன் உக்கார்றா?" என்றார். டீச்சர் பதில் சொல்வதற்குள் ஜிப் கழுத்து வரை ஏறிவிட்டது. "சரி, மாடிக்கு வரட்டும்" என்றார். சலவைக்கடை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே பாப்பாவுக்கும் கடைசி நாள். எல்லாரும் மைதானத்துக்குப் போன பிறகு, காலியான கொக்கிகளுக்கு முன்னால் நின்று தன் கோட்டை மாட்டினாள். கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. முள் பொருத்துக்குள் போகவில்லை. இரண்டு தடவை நழுவியது.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். மிளகு. ஒரு மாதமாகப் பேசாதவள். பாப்பாவின் கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, இழுத்துக்கொண்டாள். வலது கையால் இடது கையைப் பிடித்து, இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் போட்டு விட மாட்டேன்" என்றாள். "நீயே போடு. நான் இங்கயே நிக்கிறேன்."

மைதானத்திலிருந்து சுருட்டை கத்திக் கூப்பிட்டாள். மிளகு அசையவில்லை. பாப்பா ஜிப்பைப் போட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அந்தக் குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றது.