எதிர்ப்பக்கத்து நாற்காலி

இந்தப் பேட்டையில் பாதிப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு போகிற பள்ளிச் சீருடை என் தம்பி மனைவி தைத்தது. அவள் பெற்ற மூன்றும் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை, இரண்டு வருஷம் சண்டை போட்டேன். கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான், அவர்கள் மாடியில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நடுவில் பிறந்த பெண்ணுக்குப் ‘பூனை’ என்று பெயர் வைத்ததே நான்தான். நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் வராது. ஏழு வயதில் ஒருநாள் வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. மணி அடிக்கிறவரை நிற்க வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் தினமும் காலையில் சீருடையைக் கண்டாலே வாந்தி. அம்மா தைத்த சீருடை, பாவம், அதைப் பார்த்துத்தான் வாந்தி. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கையில் அளவு நாடாவோடு என் கடை வாசலில் வந்து நின்றாள் தம்பி மனைவி.

“அண்ணி, நாளையிலேருந்து மூணு பேரும் வீட்டுலதான். நானே சொல்லிக் குடுக்கப்போறேன்.”

“நீயே தட்டுத் தடுமாறிப் பன்னெண்டாவது முடிச்சவ. நீ என்னத்தச் சொல்லிக் குடுப்ப?”

“காலர் வைக்க எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? ஒரு சட்டையப் பிரிச்சுப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டாள். அவள் அப்படித்தான். கத்த மாட்டாள், வாதாட மாட்டாள், செய்துவிடுவாள்.

வகுப்பறை என்பது துணி வெட்டுகிற மேஜை. முக்கால் மேஜையில் நீலத் துணி, மிச்சக் கால் மேஜையில் கல்வி. அவளுக்கு ஒரு பக்கம் பெரியவன், மடியில் சின்னது. அந்தப் பக்கம் அதற்குமேல் இடமில்லை, ஆகவே பூனைக்கு எதிர்ப்பக்கத்து நாற்காலி. நூலகத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பிரதிதான் தருவார்கள். அந்த ஒரே புத்தகத்தை நடுவில் விரித்து, வரிக்குக் கீழே சுண்ணக்கட்டியை நகர்த்திக்கொண்டே போவாள். நான்கு தலையும் அதன்மேல் கவிழ்ந்திருக்கும். எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பத்தரைக்கு மூட்டை கட்டிவிட்டுத் தையல் எந்திரத்தில் உட்கார்ந்துவிடுவாள். எந்திரம் ஓடும்போது வாய்ப்பாடு. அந்தக் கடகடச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல வேண்டும் என்பதால் சின்னதுக்குக்கூடப் பதினாறாம் வாய்ப்பாடு வரை தொண்டையிலேயே நிற்கிறது.

புதன்கிழமை ஊர்வலம். தம்பி லிஃப்ட் மெக்கானிக். முதல் புதன் பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிப்போய், லிஃப்டை இழுக்கிற மோட்டாரைக் காட்டினான். அடுத்த வாரம் ரொட்டித் தொழிற்சாலை. சின்னது மாவு மூட்டைமேல் தூங்கிவிட்டு வெள்ளைக் குரங்காக எழுந்து வந்தது. அப்புறம் தபால் பிரிக்கிற கூடம், குடிநீர்த் தொட்டி, தீயணைப்பு நிலையம். என் முழங்காலைக் கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைப்பானேன். தெருப் பலகை எது கண்ணில் பட்டாலும் பெரியவன் முந்திக்கொண்டு படித்துவிடுவான். பூனை படிக்க வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

இப்படி இரண்டு வருஷம் ஓடிய பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பார்வையிட அன்றிலிருந்து ஆறாவது வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். வாசிப்பில் தேறாத பிள்ளையை மறுவாரமே பள்ளியில் சேர்க்க வேண்டும். பெரியவனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. சின்னதுக்குப் பரீட்சை வைக்கிற வயது இன்னும் வரவில்லை. பூனைக்குத்தான் அந்தக் கடிதம். படித்துக் காட்டிய அன்றைக்கே, இரண்டு வருஷம் கழித்து, மறுபடியும் வாந்தி எடுத்தாள்.

“அவ நல்லா படிக்கிறா அண்ணி. நீங்க பயப்படாதீங்க” என்றாள் தம்பி மனைவி.

நல்லாப் படிக்கிறாளா? நான் கண்ணால் பார்த்ததே வேறு. ஒருநாள் மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நேரே தம்பியிடம் போனேன்.

“டேய், உன் பொண்ணு படிக்கிற மாதிரி நடிக்குதுடா. உன் பொண்டாட்டி மனப்பாடம் பண்ண வச்சு ஊர ஏமாத்துறா.”

“விடுக்கா, அவகிட்ட இதச் சொல்லிடாத. சோத்துல கைய வைக்க மாட்டா” என்று என் வாயை அடைத்துவிட்டான்.

அதே வாரம் கடையில் வேறொரு கூத்து. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த பூனை, நான் பிரதி எடுக்க வைத்திருந்த ஒரு கடிதத்தை எட்டிப் பார்த்து, “அத்தை, இந்த மாமாவுக்கு வேலை கெடைச்சிருச்சு” என்றாள். ‘அடுத்தவங்க காகிதத்த எட்டிப் பார்ப்பியா’ என்று நாலு போட்டு அனுப்பினேன். அது எப்படித் தெரிந்தது அவளுக்கு என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது வரவில்லை.

அந்த ஆறு வாரமும் வீடு வீடாக இல்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவு முழுக்க அட்டவணை. காலையில் வாசிப்பு, மாலையில் வாசிப்பு, நடுவில் நாற்பது சீருடை. புதன்கிழமை ஊர்வலத்தை மட்டும் அவள் நிறுத்தவில்லை. ‘இந்த நேரத்துல ஊர் சுத்தணுமா’ என்று கேட்டேன். ‘அவ சிரிக்கிறது புதன்கிழமைதான் அண்ணி’ என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்கு நுனியில் கண்ணாடி, அதட்டாத குரல். மேஜையில் இடம் இருந்த ஒரே நாற்காலியில், தம்பி மனைவியின் நாற்காலியில், உட்கார்ந்தார். பூனை வழக்கம்போல எதிரே. நாங்கள் சுவரோரம். அதிகாரி தான் கொண்டுவந்த புத்தகத்தை விரித்து, மரியாதையாகப் பூனை பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“எங்க, முதல் பத்தியப் படிம்மா.”

பூனை குனிந்தாள். ஒரு எழுத்து. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு எழுத்து. இரண்டையும் கூட்டுவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. மூன்றாவது எழுத்தில் நின்றேவிட்டாள். தம்பி மனைவி முகத்தில் ஈயாடவில்லை. 

“அவளுக்கு வரும் மேடம், நெசமா வரும்” என்றான் பெரியவன்.

“பரவாயில்லப்பா” என்று மென்மையாகச் சொல்லிவிட்டு அதிகாரி படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் சொன்னபடிதான் ஆனது. ஆனால் எனக்கு வந்த அழுகையைப் பார்த்தால் நான் சொன்னது நடந்த மாதிரியே இல்லை.

பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் பூனை, மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி, மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

“மாணவியால் எளிய சொற்களையும் வாசிக்க இயலவில்லை. வீட்டுக் கல்வியைத் தொடர அனுமதிக்க இயலாது. பள்ளியில்...”

பேனா நின்றது. 

“என்ன சொன்ன?”

“நீங்க எழுதுறதத்தான் படிச்சேன். ‘பள்ளியில்’னு நிக்குது. இன்னும் நீங்க எழுதல.”

எழுதியது கோழி கிண்டின கையெழுத்து. தினமும் நூறு கையெழுத்தைப் பார்க்கிற என்னாலேயே அதை நேராக வைத்துப் படித்திருக்க முடியாது. மாடிப்படியும் கடைக் கவுன்டரும் அந்த எதிர்ப்பக்கத்து நாற்காலியும் ஒரே அடியாக என் மண்டையில் வந்து விழுந்தன. இரண்டு வருஷமாக எந்த எழுத்தையும் தலைகீழாகவே பார்த்துப் படித்த பிள்ளை அது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எங்கள் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை.

“மேடம், அந்தப் புத்தகத்த உங்க பக்கமாத் திருப்பி வைங்க. பிள்ளை எதிர்ல உக்காந்தே படிச்சுப் பழகிடுச்சு” என்று நான்தான் சொன்னேன். என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அதிகாரி திருப்பினார். பூனை படித்தாள். முதல் பத்தி, இரண்டாம் பத்தி, தடங்கலே இல்லை. “போதும்மா” என்றார் அதிகாரி. அவள் நிறுத்தவில்லை. பக்கம் முடிந்ததும் தானே கையை நீட்டிப் புரட்டி, கதை முடிகிற வரைக்கும், மாடிப்படி வரை கேட்கிற குரலில் படித்தாள். மணி அடிக்கிறவரை வாயைத் திறக்காமல் நின்ற பிள்ளை. என் தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா, அது அவளுக்கே தெரிந்திருக்காது.

“நான்தான் அவள அங்க உக்கார வச்சேன் மேடம். தப்பு என்னோடது” என்றாள்.

“நேரா வச்சுப் படிக்க ஒரு மாசத்துல வந்துடும். இவ படிக்கிற மாதிரி எனக்கு இந்த ஜென்மத்துல வராது” என்றார் அதிகாரி.

எழுதியதை அடித்துவிட்டு, கீழே புதிதாக இரண்டு வரி எழுதினார். எழுதி முடித்து, படிவத்தைப் பூனை படிக்கட்டும் என்று அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பூனை அதை மறுபடியும் அதிகாரி பக்கமே திருப்பி வைத்துவிட்டு, சத்தமாகப் படித்தாள்.

“சரளமாக வாசிக்கிறாள். வீட்டிலேயே தொடரலாம்.”