தலைவர் கழுத்துக்கு நான் வைத்த பெயர்

பூக்கடைக்காரிக்குத் தலைவர்களின் கொள்கை தெரியாது, கழுத்து தெரியும். கல்யாண மாலையைப் போட்டுக்கொண்டு நெளிந்தவர்களே, உங்களுக்கு இது புரியும். எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட்டுக்கு எந்தக் கட்சிப் பெரியவர் வந்தாலும் மாலை என் கடையிலிருந்துதான் போகும். அதை அவர் என்ன பாடுபடுத்துகிறாரோ, அதுவே என் ஆர்டர் நோட்டில் அவர் பெயர். டத்தோ, டத்தோஸ்ரீ என்று அரசாங்கம் கொடுத்த பட்டத்தை மட்டும் முன்னால் அப்படியே விட்டுவிடுவேன்.

டத்தோ தும்மல்

மல்லிகை வாசம் பட்டாலே மேடையில் ஏழெட்டுத் தும்மல், அதுவும் மைக்கில். பாவப்பட்டு அடுத்த முறை வாசமே இல்லாத ஆர்க்கிட்டில் கட்டிக் கொடுத்தேன். மனுஷர் இரண்டு மணி நேரம் பேசித் தீர்த்தார். பாயா ரும்புட்டிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் அக்கா மறுநாள் கடைக்கே வந்து பிடித்துக்கொண்டார்: "மல்லியே கட்டியிருக்கலாம்லா, நாங்க சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்போம்!"

மாமியார்

இவர் ஒரு பெண் அமைச்சர். மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒருமுறை வாடிய சாமந்தி ஒன்றைப் பிடுங்கி என் கையிலேயே கொடுத்துவிட்டார். என்னோடு பூக்கட்டும் மேரி முணுமுணுத்தாள்: "அக்கா, எங்க வீட்டுது எவ்வளவோ தேவலை!"

டத்தோஸ்ரீ கழட்டி

மாலை விழுந்த மறு நொடியே கழட்டிப் பக்கத்து ஆளிடம் நீட்டிவிடுவார். படத்தில் எப்போதும் வெறும் கழுத்துதான். கிளைத் தலைவர் சேகரன் அண்ணன் கறாராகச் சொன்னார், இந்த முறையும் கழட்டினால் இனிக் கட்சிக்கு டவுன் கடை பிளாஸ்டிக் மாலைதான் என்று. கட்சி ஆர்டர் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

அவருடைய பழைய படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடரியில் சிவப்பாக ஒரு கோடு. அட கடவுளே, மாலையில் நான் சுற்றிய ஜிகினா கீறியிருக்கிறது! உடனே ஜிகினாவை எல்லாம் உருவிப்போட்டு, பிடரியில் படுகிற இடத்தில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, கீழே மட்டும் ரோஜா வைத்துக் கட்டினேன்.

கூட்டத்தன்று கழுத்தில் மாலை விழுந்ததும் பழக்கதோஷத்தில் அவர் கை மேலே போனது. என் உயிர் என்னிடம் இல்லை. கை பிடரியைத் தடவிப் பார்த்தது, அப்படியே இறங்கிவிட்டது. நாற்பது நிமிஷப் பேச்சு முழுக்க மாலை அசையவில்லை. காரிலும் மாலையோடுதான் ஏறினார். நானும் மேரியும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அவருடைய உதவியாளர் ஓடிவந்து, அடுத்த வாரம் கோலா சுங்கை பாரு கூட்டத்துக்கும் இதே மாலை வேண்டும் என்றார். நான் சேகரன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பல்லைக் காட்டினார்: "பிளாஸ்டிக்னு நான் எப்ப தங்கச்சி சொன்னேன்?"

தேர்தலில் யார் வேண்டுமானாலும் ஜெயித்துக்கொள்ளட்டும், அந்த நாற்பது நிமிஷம் தலைவர் கழுத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது நான்தான்.