கொரியா கணக்கில் முதல் கூடை

இருந்தவர்கள்: நான். என் ஓரகத்தி. மேஸ்திரி. உப்பு வாங்க வந்த கொரியா அம்மா. அவருடைய கார் டிரைவர், வானூர்க்காரர்.

கொரியா அம்மா கீழ்புத்துப்பட்டில் ஷெட் போட்டு கோஸ் ஊறுகாய் செய்கிறார். தமிழ் வராது. அவர் பாஷையில் எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்று டிரைவர் முன்பே சொல்லியிருந்தார். மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும்.

டிரைவர் வரும்போதெல்லாம் கேட்டுக் கற்றேன். ஹானா, தூல், செத், நெத். பத்துக்கு யொல். பதினொன்று, யொல் ஹானா. பத்தோடு ஒன்று, நம்மைப் போலத்தான். இருபது மட்டும் சுமுல். ஏன் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

“யக்கா, அவங்களுக்கு ரெண்டு கணக்கு இருக்குது. மணிக்கு ஒண்ணு, நிமிஷத்துக்கு வேற.”

“ஒரே கடிகாரத்துக்கா?”

“ஆமாங்கா.”

ரொம்ப நாள் அதையே யோசித்தேன்.

அன்றைக்கு டிரைவர் சொன்னார்: “இருபது கூடை. எண்ணிக்கிட்டே கொட்டணுமாம். சரியா வந்தா வேலை.”

“அஞ்சாங் கிளாஸ் தாண்டல, கொரியா பேசப் போறா,” என்றாள் ஓரகத்தி.

கூடைகளைக் கொட்டினேன். கடைசிக் கூடைக்கு “யொல் ஆஹொப்” என்று வந்தது. பத்தொன்பது. கொரியா அம்மா நோட்டைக் காட்டினார். கூடைக்கு ஒரு கோடு, ஐந்து கோட்டுக்கு ஒரு எழுத்து. நாலு எழுத்து முழுசாக இருந்தது.

“ஒண்ணு எங்க போச்சுன்னு கேக்கறாங்கக்கா.”

போகவில்லை. எங்கள் அளத்தில் முதல் கூடையை யாரும் ஒன்று என்று எண்ண மாட்டோம். லாபம் என்போம். அடுத்தது ரெண்டு. நானும் பழக்கத்தில் லாபம் என்று கொட்டிவிட்டு, இரண்டாம் கூடைக்கு ஹானா சொல்லியிருக்கிறேன். டிரைவர் எடுத்துச் சொன்னார். கொரியா அம்மா தலையை ஆட்டினார், சிரிக்கவில்லை.

“இன்னும் இருபது கூடை வேணுமாம். திரும்ப எண்ணச் சொல்றாங்க.”

முதல் கூடையைத் தூக்கினேன். வாய் லாபத்துக்குத்தான் போனது. அடக்கிக்கொண்டு ஹானா என்றேன்.

“லாபம் சொல்லாம கொட்டினா வெளங்கிடும்,” என்று மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுமுலில் முடிந்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. ஷெட்டுக்குப் போனேன். முதல் நாள் நான் எண்ணி உப்பில் புரட்டிய கோஸ், முப்பத்தேழு.