ஏழு குடும்பத்துப் பலகையும் என் துடைப்பமும்

கூட்டுகிறவளை யாரும் பார்ப்பதில்லை, கூட்டாமல் விட்ட இடத்தைத்தான் பார்ப்பார்கள். துடைப்பம் பிடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

பழவேற்காட்டில், டச்சுக்காரர்களான உலாந்தாக்காரர் கோட்டைக்கு வடக்கே, எங்கள் கிறிஸ்தவ ஓலைக் கோயில் இருந்த இடத்தில் புதுக் கோயில் எழும்பியது. செங்கல் சுவர், ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பள்ளியை விட்டு நண்டு பிடிக்க இறங்கியவள் நான். முழங்கால் வலி வந்ததும் கரையேறிக் கூட்டுகிற வேலைக்கு வந்தேன். "புதுக் கோயிலை மந்திரித்துத் திறக்கும் நாள் வரை பார்க்கலாம். கோயில் சுத்தமாக இருந்தால் வேலை உனக்கு" என்றார் பங்குச் சாமியார். அன்றிலிருந்து துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

பீரங்கி

கப்பல் வந்தால் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் சுவரிலிருந்து சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து, நான் கூட்டிய தரை மறுபடியும் வெள்ளையாகும். ஒரே நாளில் மூன்று கப்பல் வந்தபோது கொத்தனார் வெங்கய்யாவிடம் சண்டைக்குப் போனேன். கரண்டியைக் கழுவியபடியே அவர் சொன்னார்: "செவுரு பலமா கீதான்னு கோட்டக்காரனே தெனம் ஆட்டிப் பாத்துச் சொல்றான். நீ இன்னாத்துக்குக்கா கத்தற?"

சேற்றுக் கால்

மந்திரிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் எந்தச் சாமி கும்பிடுகிறவரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று சாமியார் ஊருக்குச் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாளே, கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் முட்டி வரை சேற்றோடு ஏரியிலிருந்து நேராக வந்துவிட்டார்கள். நான் அவர்களுடைய காலையே பார்த்தேன். உடனே திரும்பிப் போய்க் குளத்தில் காலைக் கழுவினார்கள். வந்து, குனிந்து பாதத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் போய்க் கழுவினார்கள். கடைசியில் வாசலிலேயே நின்று பீடத்தைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

எனக்கே வெட்கமாகிவிட்டது. "உள்ள வாங்கடி" என்றேன். அவர்களில் கன்னியம்மா சொன்னாள்: "தரையப் பாத்தா நடக்க மனசு வரலக்கா. உன் மூஞ்சியப் பாத்தா நிக்கவும் மனசு வரல."

உத்திரம்

கூரையின் பெரிய உத்திரம் மரைக்காயர் ஒருவர் கொடுத்தது. உடைந்துபோன அவருடைய கப்பலின் தேக்கு. அதைப் பார்க்க வந்தவர் தலையை அண்ணாந்தபடி வெகுநேரம் நின்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "கூரையோடு இத்தனையையும் தாங்குமா ஐயா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஹஜ்ஜுக்குப் போனவங்களச் சொமந்த மரம்மா. கும்புடறவங்கள அதுக்குப் பழக்கந்தான்."

பலகை

கோட்டை வருவதற்கு முன்பே ஏழு குடும்பங்கள் தெற்கிலிருந்து ஒரு சிலுவையோடு படகில் வந்திறங்கி, இங்கே முதல் ஓலைக் கோயிலைப் போட்டன. அந்தப் படகில் மிஞ்சியது ஒரே ஒரு பலகை. திருநாளில் எல்லோரும் அதைத் தொட்டு முத்தமிடுவார்கள். விளக்குப் புகையும் கைப்பிசுக்கும் ஏறி அது கரிக்கட்டை மாதிரி இருந்தது. மந்திரிப்புக்கு முந்தின நாள், வெள்ளைச் சுவரில் அது அழுக்காகத் தெரியுமே என்று, கிளிஞ்சலால் சுரண்டி, நாரால் தேய்த்து, சுறா எண்ணெய் பூசி வைத்தேன். பலகை புதுசு போல் மின்னியது. ஊருக்கு ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எத்தினி தலமொறை கை பட்ட கருப்பு தெரியுமா? ஏழு குடும்பமும் வந்து உன்ன இன்னா பண்ணப் போவுதோ" என்றார்.

மறுநாள் காலை ஏழு குடும்பத்து வாரிசுகளும் வந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். வேலை போகட்டும், ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? அவர்களில் படகோட்டி சந்தியாகு மாமா பலகையை மோந்து பார்த்தார். அதன் ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள். கயிற்றால் படகைத் தைத்த துளைகள். கருப்பு மூடியிருந்ததால் எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு துளையிலும் சுண்டுவிரலை வைத்துக்கொண்டே போனார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"படகுன்னா வருசா வருசம் சொரண்டி எண்ண போடணும். நாமதான் சோம்பேறிங்க, முத்தம் குடுத்துக்கினே காலத்த ஓட்டிட்டோம்."

வேலை எனக்கே நிலைத்தது, கூடவே வருஷா வருஷம் பலகை சுரண்டுகிற வேலையும் சேர்ந்துகொண்டதில் என் முழங்காலுக்கு மட்டும்தான் வருத்தம்.