மிகாமியின் சிவப்புப் பட்டை

மிகாமி அண்ணன் முப்பத்தெட்டு வருடம் ஜப்பானின் ஹிரோசாக்கி நகரத்தில் டவுன் பஸ் ஓட்டியவர். நிறுத்தக் கோட்டை ஒரு சாண்கூடத் தாண்டியதில்லை என்று யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். போன இலையுதிர் காலத்தில் எங்கள் சமூகக் கூடத்தில், பலகையில் படம் செதுக்கித் தாளில் அச்செடுக்கும் மர அச்சு வகுப்பில் வந்து சேர்ந்தார். சனிக்கிழமைகளில் சலவைக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு ஓடும் எனக்குப் பக்கத்து மேஜை.

வந்த காரணத்தை இரண்டாம் வாரமே சொல்லிவிட்டார். டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கஸாய், முப்பத்தோரு வருடமாக அவருக்குப் புத்தாண்டு அட்டையைத் தானே செதுக்கி அச்சிட்டு அனுப்பிவந்தாராம். கடைசியாக வந்த அட்டையில், வயதாகிவிட்டது, இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாராம். இப்போது பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

"நான் வருஷாவருஷம் கடையில வாங்கி, பேரை மட்டும் எழுதிப் போட்டேம்மா. ஒரு தடவைகூட நல்லாயிருக்குடான்னு சொன்னதில்ல. இந்தத் தடவை என் கையால ஒண்ணு போகணும். அதைப் பாத்து அவன் மறுபடி அனுப்பணும்."

"அனுப்பலைன்னா?"

"அனுப்புவான்" என்றார். குரலில் தெம்பில்லை.

அந்தந்த வருடத்துக்கு உரிய விலங்கை அட்டையில் போடுவது வழக்கம்; பிறக்கப்போவது குதிரை வருடம். குதிரை தனக்கு வராது என்று பஸ்ஸை வரைந்தார். கோடுகளுக்கு ஒரு பலகை, பக்கவாட்டுச் சிவப்புப் பட்டைக்கு இன்னொரு பலகை. தப்பில்லாமல்தான் செதுக்கினார். ஆனால் மனிதருக்குச் சுத்தம் ஒரு வியாதி. டிசம்பர் மூன்றாம் சனிக்கிழமை வகுப்புக்குச் சிவப்புப் பலகையை வீட்டிலிருந்து வழவழவென்று கொண்டுவந்தார்.

எங்கள் டீச்சர் நோனாக்காவுக்கு அவரில் பாதி வயது. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மிகாமி சார், மூலைக் குறி எங்க?"

"எது, அந்த ரெண்டு மேடா? அசிங்கமா துருத்திட்டிருந்துச்சு. எடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒவ்வொரு பலகையிலும் தாளின் விளிம்பை முட்டவைப்பது அந்த மேடுகளில்தான்; அவை இல்லாவிட்டால் நிறம் கோட்டுக்குள் உட்காராது.

"நிறுத்தக் கோட்டையே அழிச்சிட்டீங்களேண்ணே!" என்றேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது.

"சின்னக் கட்டை ஒட்டிச் சரி பண்ணலாம், சார். பசை நல்லா காயணும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள் டீச்சர்.

"இருபத்தஞ்சுக்குள்ள தபால்ல போட்டாத்தான் ஒண்ணாந்தேதி போய்ச் சேரும். நான் வண்டியை லேட்டா எடுத்ததே இல்ல, டீச்சர்."

கண்ணளவிலேயே தாளை வைத்துத் தேய்த்தார். ஏழு தாள் பாழ். எட்டாவதில் பட்டை பஸ்ஸின் பின்பக்கம் அரை விரல் வெளியே தொங்கியது. பெருமூச்சு விட்டு, அதில் விலாசம் எழுதினார்.

ஜனவரியின் முதல் வகுப்புக்கு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஓர் அட்டையை நீட்டினார். மரத்தில் செதுக்கிய குதிரை. கோடுகள் நடுங்கியிருந்தன, ஆனால் நிறம் ஒரு மயிரிழைகூட விலகவில்லை. கீழே பேனாவில் எழுதியிருந்தது:

"டேய், உன் பஸ் கிளம்பிப் போச்சு, பட்டை இன்னும் டிப்போவுலயே நிக்குது. மூலைக் குறியைச் செதுக்கித் தள்ளிட்டேதானே? முதல் வருஷம் நானும் அதைத்தான் செஞ்சேன். இந்த லட்சணத்துல உன்னை விட்டுட்டு நான் எப்படிடா நிறுத்துறது?"

படித்து முடித்து நிமிர்ந்தேன். மிகாமி அண்ணன் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, புதுப் பலகையின் மூலையில் சிவப்புப் பென்சிலால் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தார்: 'தொடாதே.'