மகள் எழுதியதை நானே வாசித்தேன்

இதில் யாருடைய பெயரும் இல்லை. ஊரின் பெயரையும் எழுதவில்லை; கிளிநொச்சிக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் இன்னும் அந்த வீட்டில்தான் வேலை செய்கிறாள். அதனால்தான் இந்த ஒளிப்பு மறைப்பு.

நாங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த ஆட்கள். கலவரத்துக்குப் பயந்து அப்பா எங்களைக் கூட்டிவந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. வந்த இடத்தில் காடு வெட்டவே ஆள் போதவில்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு யார் அனுப்பப் போகிறார்கள்? பிறகு கல்யாணம், சண்டை, இடம்பெயர்வு, முகாம். எழுத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லாமல் ஐம்பது வயதாகிவிட்டது. கையெழுத்துக் கேட்கிற இடத்தில் பெருவிரலை நீட்டுவேன். மை பூசுகிற ஆள் அந்த விரலைப் பிடித்து உருட்டும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். அது என் கையில் இருக்கிற விரல் என்ற நினைப்பே இல்லாமல் உருட்டுவார்கள்.

கணவர் சண்டையில் போய்விட்டார். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு ஜன்னலுக்கு மேலே எழும்பாமல் நின்றது. அதற்குக் கூரை போடுகிறேன் என்று மகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வேண்டாம் என்று சொன்னேன். சொன்னால் கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அங்கே அவளால் போனில் பேச முடியாது. வீட்டுக்காரியின் குழந்தைகள் தூங்குகிற அறையில்தான் இவளுக்கும் படுக்கை. சத்தம் கேட்டால் போனைப் பறித்துவிடுவார்கள். அதனால் எழுதித்தான் அனுப்புவாள். எனக்கு வாசிக்கத் தெரியாதே. எங்கள் குடியிருப்பில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெண்கள் வேலை முடிந்து வருகிற வழியில் கடைக்குப் போவோம். கடைக்காரம்மா பருப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவருடைய போனாக வாங்கிச் சத்தமாக வாசிப்பார். யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யாருடைய பிள்ளைக்குப் பெருநாளுக்குப் புதுச் சட்டை கிடைத்தது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அதை ஒரு குறையாக நாங்கள் நினைத்ததே இல்லை. சேர்ந்து கேட்பது ஆறுதலாகத்தான் இருந்தது.

என் மகளின் செய்தி மட்டும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். நல்லா இருக்கிறன் அம்மா, சாப்பிட்டனான், நீங்க சாப்பிட்டீங்களா?

"உங்கட பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, வேற கதையும் இல்லை," என்று கடைக்காரம்மா சிரிப்பார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முன்பள்ளிக் கட்டடத்தில் பின்னேரம் பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். டீச்சர் என் மகளைவிடச் சின்னப் பெண். "வாங்கோ அம்மா, இருங்கோ," என்று அவர் காட்டியது குழந்தைகள் உட்காருகிற கதிரை. உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த கிழவி, "இந்த வயசுல படிச்சு எமனுக்கா காயிதம் போடப் போறேன்?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் அவளும் வந்தாள், நானும் போனேன்.

களை பிடுங்கிப் பழகிய கைக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை. அழுத்துகிற அழுத்தில் தாள் கிழிந்துவிடும். "மெல்லமாப் பிடியுங்கோ அம்மா, பென்சில் ஓடிப் போகாது," என்பார் டீச்சர். ஒருநாள் பென்சிலை எறிந்துவிட்டு எழுந்து வாசல் படலை வரைக்கும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத கோபத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் எனக்கு எழுத்துக்கூட்ட வந்துவிட்டது. அதை முதலில் தெரிந்துகொண்டது பஸ் நிலையத்தில். முன்பெல்லாம் இது எங்கே போகிற பஸ் என்று ஆள் ஆளாகக் கேட்பேன். ஒருமுறை யாரோ கையைக் காட்டிய பஸ்ஸில் ஏறி, ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்த பிறகுதான் பிழையான பஸ் என்று தெரிந்தது. இப்போது முன்னால் இருந்த பலகையைப் பார்த்து, மு, ர, சு என்று கூட்டி, முரசுமோட்டை என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு மனுசர், "இது எங்க போறது, அக்கா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம். நான் தலையை நிமிர்த்திப் பதில் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழியில் இருந்த கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே போனேன்.

டீச்சர் என் போனில் தமிழ் எழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியில் உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி மகளுக்கு அனுப்பினேன். நான் அம்மா. நானே எழுதுகிறேன். நானே வாசிப்பேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. வேலி ஓரத்து நிழலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினேன். உண்மையா நீங்களா அம்மா, பக்கத்தில ஒருத்தரும் இல்லையா, கடைக்காரம்மாட்டக் குடுக்க மாட்டீங்கதானே?

இல்லை என்று எழுதினேன். என்ன சந்தோஷத்தோடு எழுதினேன் தெரியுமா? தாயும் மகளும் தனியாகப் பேசப் போகிறோம் என்று நினைத்தேன்.

அடுத்த செய்தி நீளமாக இருந்தது. படித்தவர்கள் ஒரு செய்தியை ஒரே பார்வையில் பார்த்துவிடுவார்கள். எனக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து, சொல்லாக்கி, அந்தச் சொல்லை மறக்காமல் வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். கையில் என்று வந்தது. பிறகு அயன் பெட்டியால் என்று வந்தது. அதற்குப் பிறகு சு, ட், டு. சுட்டு. சுட்டுட்டா. அவ்வளவு பெரிய சொல்லைத் தடக்குப்படாமல் கூட்டிவிட்டேன் என்று முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சொல் என்ன சொல்கிறது என்பது பிறகுதான் வந்தது.

வீட்டுக்காரி வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போகிறாளாம். சாப்பாடு அவர்கள் தட்டில் மிஞ்சினால் உண்டு. கடவுச்சீட்டு அவர்களுடைய அலுமாரிக்குள். அங்கே போய் இறங்கிய நாளிலிருந்தே இப்படித்தானாம். கடையில் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் நல்லா இருக்கிறேன் என்று எழுதி வந்திருக்கிறாள். கடைசியில் இப்படி இருந்தது: ஆருக்கும் சொல்லாதீங்க அம்மா, எனக்கு முதல் இங்க வேலை செய்த பிள்ளை ஏஜென்சிக்குச் சொல்லி, அவங்க இங்க போன் எடுத்துக் கேட்டு, பிறகு அந்தப் பிள்ளைக்குப் போனும் இல்லாமல் போனது, எனக்கு நீங்க மட்டும் வாசிச்சாக் காணும்.

நான் வாசித்தால் போதுமாம். வாசித்துவிட்டு நான் என்ன செய்ய? என் பிள்ளையின் கைக்கு மருந்து போட ஆள் இல்லை, இங்கே நான் வேலி ஓரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதில் எழுதப் பார்த்தேன். வயிற்றுக்குள் இருப்பதை எழுத எனக்கு எழுத்துப் போதவில்லை. வகுப்பில் படித்த சொற்களில் தேடி, சாப்பிடு, தூங்கு, அம்மா இருக்கிறேன் என்று அனுப்பினேன். அனுப்பிய பிறகு அந்தச் சாப்பிடு என்ற சொல்லைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

பொறுக்க முடியாமல் டவுனுக்குப் போனேன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியின் பலகையை யாரையும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன். உள்ளே இருந்த தம்பியிடம், தெரிந்த பிள்ளை ஒன்றுக்கு இப்படி நடக்கிறது, ஊருக்குத் திருப்பிக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன்.

"ஒப்பந்தம் முடியாமல் ஒண்டும் செய்யேலாது, அம்மா. ஆற்ற பிள்ளை? பேரைச் சொல்லுங்கோ, அங்க வீட்டுக்காரரோட கதைச்சுப் பாப்பம்," என்றார்.

அவர் பேனாவை எடுத்தார். மகளுக்கு முதல் அங்கே இருந்த பிள்ளையின் கதை எனக்கு ஞாபகம் வந்தது. "பேரு தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொன்னது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எந்தப் பலகையையும் நான் படிக்கவில்லை.

கடைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். "எழுத்துப் படிச்ச உடன எங்களை மறந்திட்டா," என்று கடைக்காரம்மா கேலி செய்வார். நான் சிரித்துவிட்டு வருவேன். அவர் நல்ல மனுசிதான். அவரிடம் சொன்னால் அழுவார். அழுகிறதை மறைக்கத் தெரியாதவர் அவர், விளக்கு வைப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

வகுப்பின் கடைசி நாள், அதை நடத்தக் காசு கொடுத்தவர்கள் பார்க்க வந்தார்கள். கடைக்காரம்மாவும் மற்றப் பெண்களும் வந்து பின்னால் நின்றார்கள். ஒவ்வொருவராக எழும்பி வாசிக்க வேண்டும். எமனுக்குக் கடிதம் எழுதுகிற கிழவி சோப்பு உறையில் இருந்ததை வாசித்துக் கைதட்டு வாங்கினாள். நான் பாடப் புத்தகத்தை விரித்தேன்.

"அது வேண்டாம். மகள் போட்ட மெசேஜை வாசிக்கட்டும். இனி நான் வாசிக்கத் தேவையில்லைத்தானே," என்றார் கடைக்காரம்மா. என்மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னார்.

"ஓம் அம்மா, அது நல்லா இருக்கும். போனை எடுங்கோ," என்றார் டீச்சர்.

போனை எடுத்தேன். அன்று காலையில் வந்த செய்தி திரையில் இருந்தது. கைப்புண் சீழ் பிடிச்சிட்டுது அம்மா என்று இருந்தது. எழும்பி நின்று வாசித்தேன். அம்மா, நான் நல்லா இருக்கிறேன். வேலை பெரிதாக இல்லை. சோறும் பருப்பும் சாப்பிட்டேன். குழந்தைகள் என்னோடு நல்ல பாசம். நீங்கள் யோசிக்க வேண்டாம்.

"பாத்தீங்களே, ஒரு இடத்திலயும் தடக்குப்படேல்ல," என்று டீச்சர் வந்தவர்களிடம் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வந்தவர்களில் ஒருவர் கமெராவை எடுத்து, படம் எடுக்க வேண்டும், இன்னொருமுறை வாசியுங்கள் என்றார்.

முதலில் சொன்னது எனக்கே முழுதாக ஞாபகம் இல்லை. திரையைப் பார்த்தேன்; அங்கே சீழ் என்ற சொல் அப்படியே இருந்தது. மறுபடியும் வாசித்தேன். வேறு மாதிரித்தான் வாசித்திருப்பேன், யாரும் கவனிக்கவில்லை. முதல் தடவை அவளுக்குச் சோறும் பருப்பும் கொடுத்திருந்தேன். இரண்டாம் தடவை ஒரு துண்டு மீனும் வைத்தேன்.